கலண்டர் லட்சுமியின் சட்டைக்கை

இருநூறு வருசத்துக்கு முந்தித் திருகோணமலைப் பொம்பிளையள் என்ன உடுத்தினவை எண்டு ஆராவது என்னைக் கேட்டா, ஒரு நீட்டு மேசையைச் சுத்தியிருந்து ஆம்பிளையள் தீர்மானிச்சதைத்தான் உடுத்தினவை எண்டு சொல்லுவன். நான் அந்த மேசைக்குப் பக்கத்தில நிண்டனான். எனக்குக் கதிரை தரேல்லை. அந்தப் பொம்பிளையளுக்குச் சட்டை போட்டுவிட்டதும் நான்தான், ஊசியால இல்லை, தூரிகையால.

அது சண்டைக் காலம். நான் குச்சவெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்டில சித்திர ரீச்சர். வீடு திருகோணமலை ரவுனில, அன்புவழிபுரத்தில. நடுவில இருக்கிறது பெரிய தூரமில்லை. ஆனா அந்த நாளையில விடியக் காலமை ஆமி கண்ணிவெடி பாத்துப் பாதையைத் துப்புரவாக்கி விட்டாத்தான் பஸ் வெளிக்கிடும். பின்னேரம் பள்ளிக்கூடம் விடுகிறதுக்கு முதல் கடைசிப் பஸ் ரவுனுக்குத் திரும்பிப் போயிடும். ஒவ்வொரு ஆமிச் சென்றியிலயும் இறங்கி, வரிசையில நடந்து, பையைத் திறந்து கொட்டிக் காட்டிப் பிறகு ஏறவேணும். அதால திங்கட்கிழமை போனா வெள்ளிக்கிழமைதான் வீடு. மற்ற நாளில பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ரீச்சர்மாருக்கெண்டு இருந்த ஒரு அறையில படுக்கை.

என்ர மனுசன் கட்டாரில லொறி ஓடிக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு அப்ப நாலு வயசு, தொய்வுக்காரி. மூச்சு இழுக்கத் தொடங்கினா ஆசுப்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேணும். குச்சவெளியில ராவில இழுத்தா எங்க ஓடுறது? அதால பிள்ளையை ரவுன் வீட்டில என்ர அக்காவிட்டை விட்டிருந்தன். அக்கா கலியாணம் கட்டாதவள், பிள்ளையைத் தன்ர உயிரா வைச்சிருந்தாள். அவளில எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குக் குறை வேற ஆக்களில.

எனக்கு வேண்டியிருந்தது ஒண்டே ஒண்டுதான், ரவுனுக்கு ஒரு இடமாற்றம். ரவுனில ஒரு பள்ளிக்கூடத்தில சித்திர ரீச்சருக்கு இடம் காலியாக் கிடந்தது. பிள்ளையளுக்குச் சித்திரப் பாடத்தில கணக்குச் செய்விச்சுக்கொண்டிருந்தவை. எழுதிக் குடுத்தன். நேர போயும் கேட்டன். ஒப்பம் போடவேண்டிய மனுசனை நான் அதிகாரி எண்டு மட்டும் சொல்லுறன். எந்தக் கந்தோரில, எந்த மேசையில எண்டு கேக்காதேங்கோ, அந்தாளுக்கு அவ்வளவு விளம்பரம் குடுக்க எனக்கு விருப்பமில்லை. போற நேரமெல்லாம் என்னை வாங்கிலில இருத்தி வைச்சு, தேத்தண்ணி குடிச்சு முடிச்சு, "பாப்பம் ரீச்சர்" எண்டு அனுப்புவார். எதைப் பாக்கப்போறாரெண்டு ஒருநாளும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமையில எங்கட அதிபர் என்னைக் கொஞ்சம் முந்தி விடுவார். அப்பிடி ஒரு வெள்ளி பஸ்ஸால இறங்கி நேர கந்தோருக்குப் போனன். அண்டைக்கு அந்த மனுசன் கதிரையை விட்டு எழும்பி வந்தார். சிரிச்சார். அந்தச் சிரிப்பைக் கண்டவுடன எனக்கு விளங்கியிட்டுது, இந்தாளுக்கு என்னட்டை ஏதோ அலுவல் இருக்கு.

அலுவல் இதுதான். ரவுனில ஒரு பண்பாட்டுக் குழு இருந்தது. ஊர் எரிஞ்சுகொண்டிருக்கேக்க பண்பாடு வளர்க்கிற குழு. அதிகாரியும் அதில ஒரு ஆள். அதுக்குத் தலைவர் உத்தியோகத்திலயிருந்து இளைப்பாறின ஒரு பெரியவர். எந்தப் பரிசளிப்பு விழாவிலயும் சால்வையோட முன்வரிசையில இருப்பார், மைக்கைக் குடுத்தா திருப்பி வாங்கிறது கஷ்டம். வீட்டில மனுசியோட கதைக்கிறதும் மேடைத் தமிழில எண்டு ஊரில பகிடி பண்ணுவினம். இவையள் ஒரு கண்காட்சி வைக்கப்போயினமாம், பண்டைய திருமலை மகளிர் உடை பற்றி. கொழும்பிலயிருந்து ஒரு பெரிய ஆள் வந்து திறந்து வைப்பாராம். லண்டனில கனகாலம் இருந்த ஒருத்தர் லீவில வந்து ஒரு பழைய படப் புத்தகத்தைக் குழுவுக்குக் காட்டி, இரவலாக் குடுத்திருக்கிறார். அதில எங்கட பொம்பிளையள் இருக்கினமாம். ஆனா படம் ஒவ்வொண்டும் உள்ளங்கையளவு. பெரிசாக்கிக் கீறித் தர ஒரு ஆள் வேணும்.

"நீங்கள் எங்களுக்கு உதவி செய்யுங்கோ ரீச்சர், நாங்கள் உங்களுக்கு உதவி செய்வம்" எண்டார் அதிகாரி. "கண்காட்சி முடிஞ்ச அடுத்த கிழமை உங்கட ரான்ஸ்பர் ஒப்பத்தோட இந்த மேசையில இருக்கும்."

வீட்டை வந்து அக்காவிட்டைச் சொன்னன். அவள் பிள்ளைக்குச் சீப்பால தலை இழுத்துக்கொண்டிருந்தவள், நிமிரவும் இல்லை.

"உந்தாக்களை நம்பிப் போறியோ?"

"எனக்கு வேற வழி இருக்கோ அக்கா?"

அவள் பின்னலைக் கட்டி முடிச்சாள்.

புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேணும். வெள்ளைக்காரன் ஒருத்தன் கப்பலில வந்து, துறைமுகத்துக்குள்ள நங்கூரத்தைப் போட்டிட்டு, கரையைப் பாத்துக் கீறின படங்கள். முக்கால்வாசி கடலும் மலையும் கோட்டையும் கப்பலும்தான். பொம்பிளையள் கீழ் மூலையில நிப்பினம். மரத்தை நிப்பாட்டுறமாதிரி நிப்பாட்டியிருப்பான், கோட்டை எவ்வளவு உயரமெண்டு காட்டுறதுக்கு. ஒருத்திக்குத் தலையில குடம், ஒருத்திக்கு இடுப்பில பிள்ளை, இன்னொருத்தி சும்மா கடலைப் பாத்துக்கொண்டு நிப்பாள். ஆருக்கும் பேரில்லை.

இவன் கீறினதை இவன்ர நாட்டில இன்னொருத்தன் செப்புத் தகட்டில கோடு கோடா வெட்டுவான். அவன் எங்கட பக்கம் தலைவைச்சும் படுக்காதவன். அவனுக்குத் தெரிஞ்ச பொம்பிளை உடம்பு, படிக்கிற காலத்தில பாத்துக் கீறிப் பழகின கல்லுச் சிலையள்தான். அதால எங்கட பொம்பிளையளுக்கு வெள்ளைக்காரச்சி மூக்கு, சிலையின்ர பாதம், சீலை முழுக்கக் குளிச்சிட்டு வந்து பிழியாமல் நிக்கிறமாதிரி மடிப்பு. அச்சடிச்ச பிறகு மூண்டாவது ஒருத்தன் கையால சாயம் பூசியிருக்கிறான். அவனும் எங்கட ஆக்களைக் கண்டவனில்லை. குடம் தூக்கினவள், பிள்ளை தூக்கினவள், கோட்டை மதில் எல்லாத்துக்கும் ஒரே கருவாட்டு நிறம். இந்த மூண்டு பேரையும் நம்பித்தான் உலகம் முழுக்க எங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கு.

ஆனா உடுப்பு விசயத்தில அவங்கள் பெரிசாப் புழுகேல்லை எண்டுதான் நினைக்கிறன். ஒரு நீளத் துணி. இடுப்பில சுத்தி, ஒரு தொங்கலை நெஞ்சுக்குக் குறுக்கால எடுத்துத் தோளில போட்டிருக்கு. தோளும் கையும் வெறும். சட்டை கிட்டை ஒண்டும் கிடையாது. அதில அதிசயப்பட என்ன இருக்கு? நான் சின்னனா இருக்கேக்க எங்கட ஒழுங்கையில வயசுபோன மனுசியள் கனபேர் அப்பிடித்தான் திரிஞ்சவை. கிணத்தடியில இப்பவும் நெஞ்சோட கட்டின குறுக்குக்கட்டுத்தானே. இந்த வெக்கைக்கு அதுதான் சுகம். அந்தக் குழுவில இருந்த அத்தனை பேரும் குறுக்குக்கட்டோட நிண்ட தாய்மாரிட்டை வாளித் தண்ணி வாத்துக் குளிச்ச ஆக்கள்தான்.

அஞ்சு படம் கேட்டவை. ஆளுயர ஹாட்போட் பலகையில எனமல் பெயின்ரால கீறினன். கண்காட்சி வைக்கப்போற மண்டபத்துக்குப் பின்னால ஒரு அறை தந்தவை. யன்னலைத் திறந்தா துறைமுகம் தெரியும், நேவிப் படகுகள் விர்ரெண்டு போய்வரும். முதல் சனிக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனன். நான் கீறுறதைப் பாத்துக்கொண்டு பக்கத்தில விளையாடட்டும் எண்டு. கொஞ்ச நேரத்தில பெயின்ற் மணத்துக்கு அவளுக்கு இழுக்கத் தொடங்கியிட்டுது. ஆள் அனுப்ப, அக்கா ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனாள். அதுக்குப் பிறகு கூட்டிக்கொண்டு போகேல்லை.

அப்ப யோசிச்சுப் பாருங்கோ. கிழமை முழுக்கக் குச்சவெளி. சனியும் ஞாயிறும் அந்த அறை. ராவில வீட்டை வந்தா என்ர உடுப்பில பெயின்ற் மணம் எண்டு பிள்ளையைக் கிட்ட எடுக்கேலாது. குளிச்சு மாத்திக்கொண்டு வர அவள் அக்காவின்ர பக்கத்தில நித்திரை. பிள்ளையோட இருக்கிறதுக்காக, பிள்ளையோட இருக்கக் கிடைச்ச ரெண்டு நாளையும் குடுத்தன். இன்னும் கொஞ்ச நாள்தானே எண்டு என்னை நானே தேற்றிக்கொண்டன்.

படங்களை ஒழுங்காக் கீறினன். மூக்கை மட்டும் எங்கட மூக்காக்கினன், நிறத்தை எங்கட நிறமாக்கினன், பாதத்தைச் செருப்பில்லாமல் நடந்த பாதமாக்கினன். உடுப்பில கை வைக்கேல்லை. குழு பாக்க வந்தது. அதிகாரி, தலைவர், கிண்ணியாவில இருந்து வந்த ஒரு முஸ்லிம் மாஸ்டர், வேற ரெண்டு மூண்டு தலையாட்டிகள். அஞ்சு படத்தையும் சுவரோட சாத்தி வைச்சிருந்தன். வந்தவை பாத்தினம். பிறகு எல்லாரும் ஒரேயடியா யன்னலுக்கு வெளியில பாத்தினம். கடலில ஒண்டுமில்லை.

தலைவர்தான் வாய் திறந்தார். "ஆசிரியை அவர்களே, இதென்ன கோலம்?"

"புத்தகத்தில இருக்கிறது, ஐயா."

"நம் குலப் பெண்டிர் மேற்சட்டை இன்றி வீதியில் நின்றார்கள் என்று உலகுக்குச் சொல்லப் போகிறோமா?"

"வீதியில இல்லை ஐயா, கடற்கரையில" எண்டன்.

அந்தப் பகிடி எடுபடேல்லை. வெள்ளைக்காரன் எங்களைக் கேவலப்படுத்த வேணுமெண்டே சட்டையைக் கழட்டிப்போட்டுக் கீறியிருக்கிறான் எண்டு அதிகாரி கண்டுபிடிச்சுச் சொன்னார். தலையாட்டிகள் ஓம் ஓம் எண்டினம். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், ஏதோ வேதம் கேக்கிறவர் மாதிரி. எனக்கு வந்த எரிச்சலில தூரிகையைப் பெயின்ற் கழுவுற ரின்னருக்குள்ள போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தன்.

கிண்ணியா மாஸ்டர் மட்டும் படத்துக்குக் கிட்டப் போய்க் குனிஞ்சு பாத்தார். "இதில ஆர் நம்மட ஆக்கள், ஆர் உங்கட ஆக்கள்?" எண்டு என்னட்டைக் கேட்டார்.

"தெரியாது மாஸ்டர். எல்லாரும் ஒரேமாதிரித்தான் உடுத்தியிருக்கினம்."

"எல்லோரும் தமிழ்ப் பெண்களே" எண்டார் தலைவர்.

"அப்ப நம்மட உம்மாமார் எல்லாம் கடலுக்குள்ளயா நிண்டாங்க?" எண்டு மாஸ்டர் சிரிச்சார். அவர் கோபத்தில சொல்லேல்லை. அவர் கிண்ணியாவுக்குப் போற கடைசிப் படகுக்கு நேரமாச்செண்டு எழும்பிப் போனார், அதுக்குப் பிறகு அந்தக் குழுப்பக்கம் வரவே இல்லை. அறிவுள்ள மனுசன்.

மிச்ச ஆக்கள் மேசையைச் சுத்தி இருந்து, சட்டை போடுறதெண்டு தீர்மானம் எடுத்தினம். என்னைக் கேக்கேல்லை. எனக்கு என்ன, ஒப்பம் வேணும். கீறித் துலைச்சிட்டு வீட்டை போவமெண்டு, "சரி, போடுறன். கை எப்பிடி?" எண்டு கேட்டன்.

அதை அவையள் யோசிக்கேல்லை. சட்டை எண்டா சட்டை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கினம். பொம்பிளையளின்ர சட்டைக்குக் கை எண்டு ஒண்டு இருக்கிறதும், அது காலத்துக்குக் காலம் நீண்டு சுருங்கிறதும், அதுக்காக நாங்கள் தையல்கடைச் சுவரில ஒட்டியிருக்கிற படங்களுக்கு முன்னால நிண்டு மாரடிக்கிறதும் அவையளுக்கு எப்பிடித் தெரியும்? முழங்கை மட்டும் எண்டார் ஒருத்தர். அது இப்பத்தைய நாகரிகம் எண்டார் மற்றவர். தன்ர மனுசி போடுறமாதிரி எண்டு ஒருத்தர் சொல்ல, உங்கட மனுசியை இதுக்குள்ள கொண்டு வராதேங்கோ எண்டு அதிகாரி சொன்னார். இப்பிடியே ஒரு பின்னேரம் முழுக்கப் போச்சுது. நடுவில மூதூர்ப் பக்கம் ஷெல் விழுந்த சத்தம். மேசையில இருந்த கோப்பையள் கிலுங்கிச்சுது. எல்லாரும் கோப்பையைப் பிடிச்சுக்கொண்டினம். சத்தம் நிண்ட உடன திரும்பவும் கையைப் பற்றித் தொடங்கினம்.

கடைசியில தலைவர் கண்ணைத் திறந்தார். சுவரைக் காட்டினார். சுவரில ஒரு புடவைக் கடைக் கலண்டர். தாமரையில லட்சுமி. குட்டைக் கை, தோளில பூரி பொங்கினமாதிரிப் புடைச்சு, விளிம்பில தங்க லேஸ்.

"அதோ பாருங்கள். திருமகளே அணிந்திருக்கிறாள். அதைவிட ஆதாரம் வேண்டுமா?"

எல்லாருக்கும் அப்பாடா எண்டு இருந்தது. எனக்கு மட்டும் சிரிப்பை அடக்க ஏலாமல் போச்சுது. ஏனெண்டா அந்தப் புடைச்ச கையை நான் அதே லண்டன் புத்தகத்தில பாத்தனான். கடைசிப் பக்கங்களில ஒரு கப்பல் கப்பித்தானின்ர மனுசி குடை பிடிச்சுக்கொண்டு நிப்பா. அதே புடைப்பு, அதே லேஸ். இப்பிடியான வெள்ளைக்காரச்சியளின்ர சட்டைக்கையைப் பாத்து இந்தியாவில பெரிய வீட்டுப் பொம்பிளையள் தைச்சுப் போட்டவை, அவையளைப் பாத்துக் கலண்டர்காரன் சாமிக்குப் போட்டவன். வைகுண்டத்தில இருந்து வந்த கை இல்லை, கப்பலில வந்த கை. புத்தகத்தை விரிச்சுத் தலைவருக்கு முன்னால வைச்சன்.

"ஐயா, இதைப் பாருங்கோ. கலண்டரில இருக்கிறது இந்த மனுசியின்ர கை."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தையும் பாத்து, கலண்டரையும் பாத்தார். முகத்தில அப்பிடி ஒரு பூரிப்பு.

"பார்த்தீர்களா? நம்மிடமிருந்துதான் கொண்டு போயிருக்கிறார்கள்."

இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல? படிச்ச மனுசன் ஒருத்தன் இப்பிடி மூளையை மூடிக்கொண்டு நிண்டா, அதைத் திறக்கிற சாவி என்னட்டை இல்லை. அஞ்சு பொம்பிளையளுக்கும் சட்டை போட்டன். புடைச்ச கை, தங்க லேஸ். கடற்கரையில தண்ணிக்குடம் தூக்கிறவளுக்கும் லேஸ். பாத்தா சேர்ச்சில கலியாணத்துக்குப் பூ எறிய வந்த பிள்ளையள் மாதிரி நிண்டினம். அதிகாரி வந்து பாத்திட்டு, "இப்பத்தான் ரீச்சர் ஒரு லட்சணம்" எண்டார்.

திறப்புவிழா நாள் வந்தது. அக்கா பிள்ளையைப் புதுச்சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்து பின்வரிசையில இருந்தாள். பெயின்ற் காய்ஞ்சு மணம் போயிருந்தது. என்னைக் கத்திரிக்கோல் தட்டோட வாசலில நிப்பாட்டினவை, ரிபன் வெட்டுறதுக்கு. படம் கீறினவளுக்குத் தட்டுப் பிடிக்கிற வேலை. சரி, அதையும் பிடிச்சன்.

கொழும்பு ஆள் வந்தார். அமைதியான மனுசன். விளக்குக் கொளுத்தி, மாலை போட்டு, தலைவர் வரவேற்புரை எண்டு மைக்கைப் பிடிச்சு, வெய்யில் ஏறும்வரைக்கும் பேசினார். பிறகு படங்களைப் பாக்க வந்தினம். அப்பத்தான் லண்டன்காரர் எழும்பி வந்தார். கக்கத்தில புத்தகம். குழு சட்டை போட்டதெல்லாம் சரி, புத்தகத்தைத் தந்த மனுசன் இன்னும் ஊரில நிக்கிறார் எண்டதை அவ்வளவு பேரும் மறந்து போயிட்டினம். அவர் பாவம், ஒரு சூதும் தெரியாது. தன்ர புத்தகத்தைப் பெரிய ஆளுக்குக் காட்டவேணுமெண்ட ஆசை. விரிச்சுப் படத்துக்குப் பக்கத்தில பிடிச்சார்.

கொழும்பு ஆள் புத்தகத்தைப் பாத்தார், படத்தைப் பாத்தார், திரும்பவும் புத்தகத்தைப் பாத்தார்.

"இதில சட்டை இல்லையே. இது ஆர் போட்டது?" எண்டார். கோபமில்லை. சிரிச்சுக்கொண்டுதான் கேட்டார். பக்கத்தில நிண்ட ரெண்டு பேரும் சிரிச்சினம்.

அதிகாரி ஒரு கணமும் யோசிக்கேல்லை. "அது ஆசிரியை தன்ர பாட்டில கீறிப்போட்டா சேர். நாங்களும் இப்பத்தான் கவனிச்சம்" எண்டார்.

நான் தலைவரைப் பாத்தன். அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, "இளைய தலைமுறைக்கு வரலாற்றில் பொறுப்பு இல்லை" எண்டார். பூப்போல சொன்னார்.

எனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு நிண்டா அடுத்த கிழமை ஒப்பம். பிள்ளை பின்வரிசையில கதிரையில ஏறி நிண்டு என்னைப் பாத்துக்கொண்டிருந்தாள். இருந்தும், என்ர படிப்பையும் என்ர தொழிலையும் அத்தனை பேருக்கு முன்னால அந்தாள் துடைச்சுப்போட, தட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்க என்னால ஏலாமல் போச்சுது.

"ஐயாதான் கலண்டரைக் காட்டினவர்" எண்டன். "கலண்டர் பின்னறைச் சுவரில இருக்கு. சேர் விருப்பமெண்டா போய்ப் பாக்கலாம். அந்தக் கை இதே புத்தகத்தில இருக்கிற கப்பித்தானின்ர மனுசியின்ர கை. அதையும் நான் காட்டினனான். எங்களிட்டையிருந்து களவெடுத்ததெண்டு ஐயா சொன்னவர்."

கொழும்பு ஆள் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாத்திட்டுப் புத்தகத்தை மூடினார். எனக்கு ஒருக்கால் தலையசைச்சார். அவ்வளவுதான். அவர் பின்னேரமே கொழும்புக்குப் போயிட்டார். நான் இங்கதானே இருக்கவேணும். சொன்னது பிழையெண்டு அண்டைக்கும் நினைக்கேல்லை, இண்டைக்கும் நினைக்கேல்லை.

அடுத்த கிழமை கந்தோருக்குப் போனன். பழையபடி வாங்கில். தேத்தண்ணி குடிச்சு முடிச்சுத்தான் அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"சபையில ஒரு பெரியவரை அவமரியாதை செய்து போட்டீங்கள் ரீச்சர். இப்ப ரான்ஸ்பர் தந்தா ஆக்கள் என்ன கதைப்பினம்? கொஞ்சக் காலம் போகட்டும், பாப்பம்."

"எனக்குச் சின்னப்பிள்ளை இருக்கு, சேர். வருத்தக்காரப் பிள்ளை."

"எல்லாருக்கும் பிள்ளையள் இருக்கு ரீச்சர்" எண்டார். அந்தாளின்ர பிள்ளையள் கந்தோரில இருந்து கூப்பிடு தூரத்தில, ஒவ்வொரு நாளும் மத்தியானம் தகப்பனோட இருந்து சாப்பிடுறவை.

இன்னும் கேளுங்கோ. நான் என்ர பாட்டில கீறின பிழையான படமெண்டு ஊருக்குச் சொன்னவைதானே, அதே படத்தை விழா மலருக்கு அட்டையாப் போட்டினம். குடம் தூக்கினவள், புடைச்ச கை, தங்க லேஸ். கீழ 'பண்டைய திருமலைப் பெண்' எண்டு கொட்டை எழுத்து. கீறினது ஆரெண்டு ஒரு சொல்லுமில்லை. உள்ளுக்குத் தலைவர் அந்தக் கையைப் பற்றிப் பக்கம் பக்கமா எழுதியிருந்தார். அந்த மலரைக் கொண்டுபோய்த் தையல்காரரிட்டைக் குடுத்துத்தான் பேந்து எங்கட பள்ளிக்கூடங்களில கலைவிழாவுக்குப் பிள்ளையளுக்குச் சட்டை தைச்சவை. குச்சவெளியில என்ர பள்ளிக்கூடத்துக்கும் மலரும் சட்டையும் வந்தது. "ரீச்சர், உண்மையா அந்தக் காலத்தில இப்பிடியோ போட்டவை?" எண்டு ஒரு பிள்ளை கேட்டாள். இல்லை எண்டன். "அப்ப ஏன் மலரில போட்டிருக்கு?" எண்டாள். அதுக்கு நான் சொன்ன மறுமொழி வகுப்பில சொல்லுற மறுமொழி இல்லை, அதிபர் கூப்பிட்டு விசாரிச்சவர்.

திங்கள் பஸ்ஸும் வெள்ளி பஸ்ஸுமா வருசங்கள் போச்சுது. சிலநேரம் பாதையை மூடினா வெள்ளியும் இல்லை. பிள்ளைக்கு முதல் பல்லு விழுந்தது ஒரு புதன்கிழமை, எனக்கு அது வெள்ளிக்கிழமைதான் தெரியும். பள்ளிக்கூடத்தில சேத்த நாள் நான் ரவுனில இல்லை, அண்டைக்குப் பஸ் வெளிக்கிடேல்லை. சயிக்கிள் ஓடப் பழகினது அக்காவின்ர கையைப் பிடிச்சு. ஒரு மாரிக்காலம் கடுமையா இழுத்து ஆசுப்பத்திரியில இருந்திருக்கிறாள். எனக்குச் செய்தி வந்து சேர முதல் சுகமாகி வீட்டை வந்திட்டாள். நான் வாற வெள்ளிகளில ஓடிவந்து கட்டிப்பிடிப்பாள். பிறகு ஓடிவாறது குறைஞ்சுது. பேந்து வாசலில நிண்டு சிரிச்சாள். எல்லாம் ஒழுங்கான பிள்ளை மாதிரித்தான், ஒரு குறை சொல்லேலாது. நான் கொண்டு வந்த பணியாரத்தை வாங்கி, "தாங்ஸ் அம்மா" எண்டு சொல்லிச் சாப்பிடுவாள்.

அதிகாரி இடம் மாறிப் போனார். தலைவர் செத்துப்போனார், பெரிய சாவீடு, பண்பாட்டுக் காவலர் எண்டு பதாகை கட்டினவை. அதுக்குப் பிறகு ஒரு வருசம், நான் கேக்காமலே, வழமையான இடமாற்றத்தோட எனக்கும் வந்தது. காலியாக் கிடந்த அதே இடம். அத்தனை வருசமும் அந்த இடத்துக்கு ஒருத்தரையும் போடேல்லை. ஒரு சட்டைக்கைக்காக.

ரங்குப்பெட்டியும் மெத்தையுமா வந்து இறங்கினன். பிள்ளை மேசையில இருந்து வீட்டுவேலை செய்துகொண்டிருந்தாள், எழும்பி வந்து பெட்டியின்ர ஒரு பக்கத்தைப் பிடிச்சாள். இவ்வளவு சாமானோட நான் வந்ததை அவள் கண்டதில்லை. அலுமாரியில எனக்கு ஒரு தட்டு ஒதுக்கித் தந்தாள். பிறகு, வீட்டுக்கு வந்த ஆக்களிட்டைக் கேக்கிறமாதிரி நல்ல மரியாதையாக் கேட்டாள்.

"எத்தினை நாள் நிப்பீங்கள் அம்மா?"

"இனிப் போகமாட்டன், பிள்ளை. இனி இங்கதான்" எண்டன்.

அவள் என்னைப் பாக்கேல்லை. திரும்பி அக்காவைப் பாத்தாள். அக்கா ஓமெண்டு தலையாட்டின பிறகுதான் நம்பினாள்.